ஏர்பேக் லைட் எரியும் வண்டியோடு நிற்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லி வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்கேனரில் ‘டிரைவர் ஏர்பேக், ரெசிஸ்டன்ஸ் அதிகம்’ என்று வருகிறது, ஏர்பேக்கையே மாற்றச் சொல்லிவிடலாமா என்று கேட்டாய். இப்போதைக்கு வேண்டாம். கோளாறு எந்த லைனில் என்றுதான் ஸ்கேனர் சொல்லியிருக்கிறது. அந்த லைனில் எந்த இடம் என்பதை நீதான் தேட வேண்டும்.

சாவி போட்டதிலிருந்து கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு ஏர்பேக் லைனிலும் துளியூண்டு கரண்ட் விட்டு ஓம் அளந்துகொண்டே இருக்கிறது. பையை விரிய வைக்கும் பற்றவைப்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 2 ஓம் சுற்றித்தான் இருக்கும். கணக்கே இவ்வளவு சிறியது என்பதால், கப்ளர் பின்னில் ஏறிய களிம்பு ஓரிரு ஓம் கூட்டினாலே லைட் எரிந்துவிடும். சீட் சைடு ஏர்பேக் லைனில் எரர் வந்தால், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளரை அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அது தளர்ந்திருக்கும், வாட்டர் வாஷில் நனைந்திருக்கும், எலியும் கடித்திருக்கலாம். ஆனால் உன் கேஸ் ஸ்டியரிங்கில் இருக்கும் டிரைவர் ஏர்பேக். அங்கே ஸ்டியரிங்குக்குள் நாடாவாகச் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு வண்டிக்கு நான் மூன்று தடவை எரர் அழித்து அனுப்பினேன், மூன்று தடவையும் திரும்பி வந்தது. நாலாவது தடவை ஓனரின் அம்மா கூட வந்திருந்தார். “இவன் வண்டியை ஒடிச்சுத் திருப்புறப்பதான் தம்பி அந்த லைட் வருது, அப்ப ஹாரனும் கேக்க மாட்டேங்குது” என்றார். பிரித்துப் பார்த்தால், நாடா மடிப்பில் விரிசல். நேராகப் போகும்போது ஒட்டும், திரும்பினால் விடும். மூன்று தடவையும் நான் அந்தக் குடும்பத்தை எதுவும் கேட்கவில்லை. அது என் தப்பு.

கை வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, மேனுவல் சொல்லும் நேரம் முழுக்கக் காத்திரு. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். மஞ்சள் வயரில் டெஸ்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம். ஏர்பேக்கை மல்டிமீட்டரால் நேராக அளக்காதே. கழற்றிய ஏர்பேக் பேடைத் தூக்கும்போது மூடி உன் உடம்புக்கு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், மேஜையில் வைக்கும்போது மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மொத்தமும் கூரைக்குப் பறக்கும்.

பிறகு ஏர்பேக் இருந்த இடத்தில் மேனுவலில் உள்ள மதிப்புக்கு ஒரு ரெசிஸ்டரைக் கொடுத்துப் பார். எரர் அப்படியே நின்றால் கோளாறு வயரிலோ கிளாக் ஸ்பிரிங்கிலோ. போய்விட்டால்தான் ஏர்பேக் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் அதன் கப்ளரை ஒருமுறை பார்த்துவிடு.

இந்த ரெசிஸ்டரைப் பற்றித்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வண்டி ஹாரன் வேலைக்கு வந்தது. ஏர்பேக் லைட் சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் ஒழுங்காக அணைந்தது. பேடைக் கழற்றினேன். மூடியின் கிழிசலை உள்பக்கம் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பை இல்லை. மஞ்சள் வயர் இரண்டுக்கும் நடுவில் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர், சால்டர் பண்ணி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பின் சீட்டில் குழந்தையின் பால் புட்டி கிடந்தது. யூனிட்டுக்கு வேண்டியது 2 ஓம், அது கிடைத்துக்கொண்டிருந்தது. நாம் கோளாறு பார்க்க வைத்திருக்கும் அதே பொருள் தம்பி, மறைக்கவும் உதவுகிறது. உன் ரெசிஸ்டரில் ஒரு முழ சிவப்பு ரிப்பன் கட்டி வை. வண்டிக்குள் மறந்துவிட முடியாதபடி தொங்கட்டும். “லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்” என்று எவர் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், அந்த வேலையைத் தொடாதே.

லைட் அணைந்திருந்தாலும் இன்னொன்று பார்க்க வேண்டியிருக்கிறது. டகாட்டா கம்பெனி செய்த, பையை ஊதும் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கான வெயிலிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, பை விரியும்போது உலோகக் கூடே சிதறி ஆட்களைக் கொன்றது. அந்தக் கேட்டை எந்த ஓம் கணக்கும் காட்டாது. பழைய வண்டி வந்தால் சேஸி நம்பரைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்டுவிடு, ஐந்து நிமிஷ வேலை.

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அப்போது வந்த வண்டிகளெல்லாம் வாரன்டி முடிந்து இப்போது உன் பட்டறை வாசலுக்குத்தான் வருகின்றன.

காலையில் எதையும் பிரிக்கும் முன், அந்த வண்டியின் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஹாரனை அழுத்து. எந்த இடத்தில் சத்தம் விட்டுப்போகிறது என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அண்ணன்