பள்ளி மாறினால் ஆடக் கூடாதா?

கேள்வி: அமெரிக்காவில் பள்ளி மாறும் மாணவர்களைப் போட்டியில் ஆட விடாமல் உட்கார வைக்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?

பதில்: விதியின் நோக்கம் நியாயமானது, அளவுகோல்தான் கோளாறு. கலிஃபோர்னியாவில் குடும்பமே வீடு மாறியிருந்தால் மாணவர் உடனே ஆடலாம். இல்லையென்றால் பெரும்பாலும் போட்டிப் பருவத்தின் ஒரு பகுதி காத்திருக்க வேண்டும். தடையே இல்லாவிட்டால் பெயர்பெற்ற பள்ளிகள் நல்ல ஆட்டக்காரர்களை வளைத்துப்போடும். எளிய பள்ளிகளின் அணிகள் கரைந்துபோகும். பள்ளிகள் ஆள்பிடிப்பதைத் தடுக்கும் விதி பேச்சுரிமையை மீறவில்லை என்று, டென்னசியின் பிரென்ட்வுட் அகாடமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல் தீர்ப்பளித்தது. ஆனால் முகவரியை வைத்துத் தகுதியை அளந்தால், புது வட்டாரத்தில் வீடு பிடிக்க வசதியுள்ளவருக்கே வழி திறக்கிறது. மற்றவர் காத்திருக்கிறார், அல்லது பொய் முகவரி கொடுத்து மாட்டிக்கொள்கிறார்.

‘அப்படியானால் விதியையே எடுத்துவிடலாமே’ என்பீர்கள். ஃப்ளோரிடா 2016-இல் இயற்றிய சட்டம், பள்ளி மாறியவர்கள் உடனே ஆட வழிவிட்டது. திறமையெல்லாம் சில பள்ளிகளிலேயே குவிகிறது என்ற புகார் அங்கே ஓயவில்லை. ஆகவே முதல் மாற்றத்துக்குக் கேள்வியின்றி அனுமதி, அடுத்ததற்குக் காத்திருப்பு என்பதே நடுவழி. அப்போதும் கொஞ்சம் குவியும்தான். ஆனால் ஆண்டுதோறும் அணி தாவுவது நிற்கும். ஆள்பிடிப்பு நடந்தால், தண்டனை முதலில் பயிற்சியாளருக்கும் பள்ளிக்கும் போகட்டும். பெரியவர்கள் போட்ட கணக்குக்கு 15 வயதுப் பிள்ளை போட்டிப் பருவத்தை இழக்க வேண்டியதில்லை.