ஆய்வேட்டுக்கு எவ்வட்டை?

கற்றோர் நூலின் உட்பொருளைக் காண்பரேயன்றி அட்டையைக் காணார் என்று நண்பர் சிலர் எம்மை நகைத்ததுண்டு. ஓராண்டுக்கு முன்னர் யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறியதன் காரணத்தையும், அதன்பின் யாம் கற்றறிந்தவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வேலூரினின்று திருவண்ணாமலை செல்லும் பெருஞ்சாலையில், சவ்வாது மலைத்தொடரின் சாரலை அடுத்துள்ள கணியம்பாடி எம் ஊர். அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வழங்கும் வேளாண்மைச் சொற்களைத் தொகுத்து இறுதியாண்டு ஆய்வேடாக அளிக்க எம் வகுப்பினர் நால்வர் ஒருங்கு முயன்றோம். கவலை பூட்டி நீரிறைத்த காலத்துச் சொற்கள், மின்பொறி வந்தபின் மக்கள் நாவினின்று நீங்கிவருகின்றன. சால் என்றால் இன்று எம் தம்பியர்க்கு விளங்குவதில்லை.

இத்துறையில் முன்னரே ஒருவர் செய்த தொகுப்பு ஒரு நூலகத்தில் உளதெனக் கேள்வியுற்று விரைந்து சென்றோம். ஏடு கிடைத்தது. மெல்லட்டை, முதுகிலே பசையன்றி வேறு பிணிப்பில்லை. திறந்தவுடன் முதுகு வெடித்து, தாள்கள் சருகுபோற் சரிந்தன. பொருளடக்கத்தில் ‘நீர்ப்பாய்ச்சற் சொற்கள்’ என்றோர் இயல் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வியலுக்குரிய தாள்களில் ஒன்றேனும் இல்லை. அச்சொற்களைக் கூறிய முதியோருள் இன்று இருப்பவர் எவருமிலர். யாம் அன்று வெறுங்கையுடன் திரும்பினோம்.

இதனால் மெல்லட்டையே தீதென்று முதலில் முடிவு செய்தோம். எங்கள் ஏட்டை நான்கு படியும் கெட்டி அட்டையிற் கட்டுவதென உறுதிகொண்டு, வேலூரில் நூற்கட்டுத் தொழில் செய்யும் ஒரு பெரியவரை அணுகினோம். அவரோ எம் சொல்லை முழுதுங் கேளாமலே, கெட்டி அட்டை போட்ட ஒரு தடித்த ஏட்டை எடுத்து எம்முன் விரித்துக் காட்டினார். மேலே ரெக்சின், பொன்னெழுத்து. உள்ளே முதுகில் வெறும் பசை. அட்டை சிறிதும் நலியவில்லை. தாள்களோ அட்டையைவிட்டுத் தனியே கழன்று வந்தன. “அட்டையைப் பார்க்காதீங்க தம்பி, தையலைப் பாருங்க” என்றார்.

தமிழர்க்கு இது புதிதன்று. பனையோலைச் சுவடியில் துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் செருகி, மற்றொன்றில் கயிறு கோத்துக் கட்டினர். கயிறு நழுவாதபடி அதன் முனையில் அமைத்த உறுப்புக்குக் கிளிமூக்கு என்று பெயர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய சுவடியும் உண்டு. சட்டமின்றிக் கட்டியதும் உண்டு. சட்டத்தை விடலாம், கயிற்றை விடலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பின்னர் அச்சு நூல் பெருகிய காலத்தும் ஒரே நூலைக் காலிகோ கட்டடம் ஒரு விலைக்கும், சாதாக் கட்டடம் அதனிற் குறைந்த விலைக்குமாக விற்றனர். எம் வீட்டிலும் குடும்பத்தார் பிறந்தநாள் குறித்த பெரிய வேதாகமம் கெட்டி அட்டையிலும், பாட்டி பையில் வைத்துச் செல்லும் தனிச் சுவிசேஷம் மெல்லிய தாளட்டையிலும் உள்ளன.

இனித் தையலின் வகையைச் சிறிது கூறுவாம். தனித்தனித் தாளில் அச்சிட்டால் ஓரத்தில் துளையிட்டுக் குத்தித் தைக்க வேண்டும். அது வலியது, ஆயின் முதுகோரம் ஒன்றரை அங்குலமேனும் வெற்றிடம் விடாவிடின் எழுத்துகள் தையலுள் மறையும். ஏடும் தட்டையாக விரியாது, கையெடுத்தால் மூடிக்கொள்ளும். பெரிய தாளை மடித்து, மடிப்பின் நடுவே தைப்பது இதனினுஞ் சிறந்தது. எம் ஏடு 144 பக்கம். ஏ3 தாள் ஒன்றில் நான்கு பக்கம் அடங்கும். ஆக 36 தாள். நான்கு தாளை ஒன்றனுள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு மடிப்பு. இவ்வாறு ஒன்பது மடிப்பு. இதில் முதற்பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒரே தாளின் ஒரே புறத்தில் அருகருகே அமைய வேண்டும். கணக்கில் யாம் பிழைத்து, முதன்முறை அச்சிட்ட தாளனைத்தும் வீணாயின. அச்செலவைப் பற்றி இங்கே பேசாதிருத்தல் நலம்.

பசையையும் இகழ்தல் ஆகாது. அப்பெரியவர் மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்து காய்ச்சுகின்றார்; பூச்சி அணுகாதாம். முதுகின்மேல் அவர் ஒட்டுவது காலிகோத் துணி. வெறுந்தாளை ஒட்டினால் திறந்து மூடும் இடத்திலேயே கிழியும்.

தையல் உறுதியானபின்னரே அட்டையைப் பற்றிய வினா எழுகின்றது. பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு மெல்லட்டையிற் பெற்று, வாய்மொழித் தேர்வும் திருத்தமும் முடிந்தபின் கெட்டி அட்டையிற் கேட்கின்றன. மாற வேண்டியதற்கு மெல்லட்டை, மாறாததற்குக் கெட்டி அட்டை. இது நேரிய முறையே. 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்குப்பின் அவ்வாய்வேடுகளின் மின்படிகள் சோத்கங்கா என்னுங் களஞ்சியத்திற் சேர்கின்றன. ஆதலின் தாட்படி அழியினும் ஆய்வு அழியாது. எம்போன்ற இளங்கலை மாணவர் ஏடுகளுக்கு அப்பேறு இல்லை. எமக்குத் தாளே கதி.

நான்கு படிகளையும் நூலிட்டே தைப்பித்தோம். கல்லூரி நூலகத்துக்குரிய ஒன்றுக்கு மட்டும் கெட்டி அட்டை. அது பல கைகள்பட்டு, அலமாரியில் நின்றே காலங்கழிக்க வேண்டியது. துறைக்கும் ஆசிரியருக்கும் மெல்லட்டை. நான்காம் படி, எமக்கு மிகுதியான சொற்களை எடுத்துக் கூறிய கணியம்பாடி முதியவர் ஒருவருக்கு. அவருக்குச் சிறந்த கட்டையே கொடுத்தல் வேண்டுமென எம்முள் இருவர் வாதித்தனர். மற்றையோர் உடன்படவில்லை. பொன்னெழுத்திட்ட ஏட்டை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். மெல்லட்டையாயின் பள்ளியிற் படிக்கும் பேரன் கையில் எடுத்து அவருக்குப் படித்துக்காட்டுவான் என்றோம். முடிவில் மெல்லட்டையே போட்டோம்.

நூலுக்குப் பெயர்க்காரணங் கூறுமிடத்து நன்னூலார் பஞ்சினின்று நூற்கும் நூலையே உவமையாக்கினார் என்பது வகுப்பிற் படித்ததே. அம்முதியவர் அதனைப் படித்தவரல்லர். கயிறு திரித்துப் பழகிய அவர், ஏட்டைப் பெற்றதும் நடுவே விரித்து, மடிப்பினுள் விரலை ஓட்டி, “நூலு போட்டுத்தான் தைச்சிருக்கு” என்று பேரனிடம் காட்டினார். பின்பு கவலையைப் பற்றிய பக்கத்தை எடுக்கச் சொல்லி, அதில் யாம் தவறாக எழுதிய ஒரு சொல்லைத் திருத்தினார். அத்திருத்தத்தை மற்றை மூன்று படிகளிலும் மையால் எழுதியுள்ளோம்.