பர்வதமலையில் குழுவாக ஏறி இறங்கும் முறை

திருவண்ணாமலை நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் நிற்கும் பர்வதமலை 4,500 அடியை ஒட்டிய உயரமுடையது. ஆயினும் அங்கே மூச்சு வாங்கித் திணறுவோரைவிட, உச்சியை அடுத்த செங்குத்துப் பாறையைப் பற்றி அறியாமல் வந்து பாதியில் நின்றுவிடுவோரே குழுவுக்குப் பெருஞ்சிக்கலாகின்றனர். தென்மாதிமங்கலம், கடலாடி என இரு ஊர்களிலிருந்தும் புறப்படும் பாதைகள் மேலே ஒன்றுசேர்கின்றன. முதன்முறை வருவோருக்குத் தென்மாதிமங்கலத்துப் பாதையே தக்கது. மலையேறும் நேரமும் மேலே தங்குவது குறித்த விதியும் அவ்வப்போது மாறுவதால், வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மழை திரண்ட நாளில் ஏறுவது கூடாது. அடிவார ஓடைகள் சற்றுநேர மழைக்கே பெருக்கெடுத்து, இறங்குவோரின் வழியை மறித்துவிடும். பௌர்ணமி நாளும் பக்திக்கு உகந்ததே தவிர, குழுவாகப் பாறை ஏறப் பழகுவதற்கு உகந்ததன்று.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, புளிசாதம் ஆகியவை முதுகுப்பைக்குள் இருந்தால் போதும். கையில் தொங்கும் பையைக் குரங்குகள் பறிக்கும். பறித்ததைத் துரத்துவது வீண்வேலை.

விடியலில் புறப்பட்டுக் காட்டுப்பாதையில் நடக்கையில், வழி அறிந்தவர் முதலிலும், மிக மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்தும், உடல்வலு மிக்கவர் கடைசியிலும் செல்ல வேண்டும். விரைந்து செல்வோர் முன்னே போய் அமர்ந்து இளைப்பாறி, பின்தங்கியவர் வந்து சேர்ந்தவுடன் எழுந்து நடப்பது எங்கும் காணப்படும் வழக்கம். இதனால் ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வும், தேவைப்படுபவருக்கு நடையுமே கிடைக்கின்றன. வளைவுகளுக்கிடையே தெரியும் குறுக்குத்தடங்களால் ஐந்து நிமிடம் மிச்சமாகலாம், ஆனால் உருளும் சரளைக்கற்கள் பின்வருவோர் தலையில் விழும் என்பதால் அவற்றை அறவே தவிர்த்தல் நலம்.

இனி வருவது கடப்பாரைப் படி. பாறையில் துளையிட்டு இறக்கப்பட்ட இரும்புக் கம்பிகளையும், அவற்றை ஒட்டிய சங்கிலியையும் பற்றி ஏறும் பகுதியே இப்பெயரால் வழங்குகிறது. வெயில் ஏறினால் இரும்பு கை பொறுக்காத அளவு காயுமாதலால், காலை பத்து மணிக்குள் இதனைக் கடந்துவிட வேண்டும். தொடங்குமுன் பையின் பக்கவாட்டிலுள்ள தண்ணீர் பாட்டில், சட்டைப்பையிலுள்ள கைபேசி அனைத்தும் உள்ளே போக வேண்டும். மேலிருந்து நழுவும் பாட்டில் கீழே நிற்பவருக்குக் கல்லுக்குச் சமம். இரு கைகள், இரு கால்கள் என்னும் நான்கில் மூன்று எப்போதும் பாறையிலோ இரும்பிலோ ஊன்றியிருக்க, ஒன்று மட்டுமே நகர வேண்டும் என்பது பாறையேற்றத்தின் அடிப்படை. கம்பியை நுனியில் பிடிக்காமல் பாறையை ஒட்டிய அடிப்பகுதியில் பிடித்தால் அது அசைவது குறையும். உடலைக் கைகளால் இழுப்பதைவிடக் கால்களால் உந்துவதே சிறந்தது. முழங்காலை ஊன்றுபவர் அடுத்த அடிக்கு எழ முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்வார். முன்செல்பவர் நிலையான இடத்தை அடைந்து குரல் கொடுத்த பின்னரே அடுத்தவர் கம்பியைத் தொட வேண்டும்.

நடுவில் அஞ்சி உறைந்துபோகும் நண்பரைக் கைபிடித்து இழுப்பது இருவரையும் ஆபத்தில் தள்ளும். அவருக்குக் கீழே, நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகி உறுதியான இடத்தில் நிற்கும் ஒருவர், “இடது காலை ஒரு சாண் மேலே வை, கம்பி இருக்கிறது” என்பதுபோல் ஒரு நேரத்தில் ஓர் அசைவை மட்டும் சொல்லுதல் வேண்டும். மற்றவர்கள் வாய்திறவாதிருத்தலே உதவி. ஈரமான பாறையில் கடப்பாரைப் படி ஏறும் முயற்சியே வேண்டா, மாற்றுவழியான இரும்பு ஏணிப்படி வழியே சென்றால் போதும். மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுவே எனக் கருதுவோர் உளர். கூத்தருக்கு வழி கூறும் அச்சங்கநூலும் நீர்ப்பாசி படர்ந்த இடத்தில் அடி தளரும் என எச்சரிப்பது இங்கு நினைக்கத்தக்கது.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை சந்நிதிகளில் வருவோரே தம் கையால் பூசை செய்யும் வழக்கம் உண்டு. ஆங்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்தால் கால்கள் இறுகிவிடும். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு அப்போதும் மீந்திருக்க வேண்டும்.

இறங்குவதற்கு ஏணிப்படியே ஏற்றது, அதுவும் செங்குத்தான இடங்களில் முகம் படியை நோக்கியிருக்க வேண்டும். பாதைகள் பிரியும் இடத்தில் அனைவரும் கூடி, தலைகளை எண்ணிய பின்னரே கீழே நடக்க வேண்டும்; பேச்சு மும்முரத்தில் கடலாடிப் பக்கம் இறங்கிவிட்டவர், வண்டி நிற்கும் தென்மாதிமங்கலத்திற்கு மலையைச் சுற்றி ஆட்டோ பிடித்துத்தான் வர நேரும், அதற்குள் மற்றவர்கள் அவரைத் தேடி மீண்டும் மேலே ஏறத் தொடங்கியிருப்பர்.