பழைய மதர்போர்டு, புதிய விண்டோஸ்: பழுது எங்கே?

கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டால் அதே பிராசசருக்குப் பொருந்தும் புதிய போர்டு எளிதில் கிடைப்பதில்லை. எனவே பலரும் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு எல்லாவற்றையும் மாட்டி விண்டோஸையும் பதியத் தொடங்குகிறார்கள். பாதியில் நின்றுவிட்டால் குற்றம் போர்டிலா, ராமிலா, பென் டிரைவிலா என்று தெரியாது. முதலில் போர்டைச் சோதித்துவிட்டு, பிறகு விண்டோஸுக்கு வாருங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

தறி சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் நண்பர் ஒருவருக்கு அண்மையில் இப்படி ஒரு போர்டு மாற்றிக் கொடுத்தேன். ஜக்கார்டு தறியில் பூ தவறாக விழுந்தால் நெசவாளர் உடனே அட்டையைக் குறை சொல்லமாட்டார். தவறு எங்கே திரும்ப வருகிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு பூவிலும் அதே ஒரு வரியில் வந்தால் அட்டையில் துளை தவறு. சேலை நீளத்துக்கும் ஒரே கோடாக ஓடினால் கொக்கியிலோ கயிற்றிலோ கோளாறு. கம்ப்யூட்டரிலும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

போர்டில் உள்ள சிறு உருளைகள் கெபாசிட்டர்கள். அவற்றின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அந்தப் போர்டு வேண்டாம். இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்று வளைந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து காசு போன்ற சி.ஆர்.2032 பேட்டரி. இது 3 வோல்ட் பேட்டரி. விலை குறைவுதான், புதிதாகவே போடுங்கள். பழையதைக் கழற்றும்போது பவர் கார்டையும் எடுத்துவிட்டுச் சில நிமிடம் விட்டால், முந்தைய உரிமையாளர் பயாஸில் செய்துவைத்த மாற்றங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

குறைந்த பாகங்களோடு ஆன் செய்யுங்கள்

போர்டை கேபினெட்டுக்குள் பொருத்தாமல் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். ஃபேனுடன் பிராசசர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., கீபோர்டு, மானிட்டர் இவை போதும். ஹார்ட் டிஸ்க் இப்போது வேண்டாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையா? பிராசசர் அருகே உள்ள 4 பின் அல்லது 8 பின் பவர் கனெக்டரை மாட்டினீர்களா என்று பாருங்கள். 24 பின் பெரிய கனெக்டர் மட்டும் போதாது. மாட்டியும் வரவில்லை என்றால், போர்டில் சிறிய ஸ்பீக்கரைப் பொருத்தி, ராமை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் ஒலி கேட்டால் பிராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன, ராம் பக்கம் தேடலாம். ஒலியே இல்லை என்றால் போர்டு, பிராசசர், எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் சந்தேகிக்கலாம்.

ராமைச் சோதியுங்கள்

திரை வந்துவிட்டதா? உடனே விண்டோஸ் வேண்டாம். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசப் புரோகிராமை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் விடக்கூடாது. ராமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை ராமோடு போனால் ராம் பழுது, ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு பழுது.

எந்த விண்டோஸ்?

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 ஆகியவை தேவை. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதற்கு முந்தைய போர்டு என்றால் லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. ஆனால் நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டேட்டா டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

இது மிக முக்கியம். நண்பரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல ஆண்டு டிசைன்கள் இருந்தன, வேறு எங்கும் காப்பி இல்லை. அதை முதலிலேயே கழற்றித் தனியே வைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி.யில் மட்டும் விண்டோஸ் பதியத் திட்டமிட்டேன். காரணம் உண்டு. பழைய டிஸ்க்குகள் பல எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டவை. யு.இ.எஃப்.ஐ. முறையில் பூட் ஆகும் போர்டில் ‘இந்த டிஸ்க்கில் பதிய முடியாது’ என்று விண்டோஸ் சொல்லும். அப்போது பார்ட்டிஷன்களை அழித்துவிட்டுத் தொடர்பவர்கள் அதிலிருந்த எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.

எங்கே நிற்கிறது?

இன்ஸ்டலேஷன் நின்றால் எத்தனை சதவீதத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் பென் டிரைவையோ பதியப்படும் டிஸ்க்கையோ சந்தேகியுங்கள், வேறு பென் டிரைவ் தயாரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் ராம், சூடு, பவர் இவற்றில் ஒன்று. பிராசசர் ஃபேன் சரியாக அமர்ந்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

நண்பரின் பழைய போர்டில் விண்டோஸ் ஒருமுறை 20 சதவீதத்திலும், மறுமுறை பாதியைத் தாண்டியும் நின்றிருந்தது. புதிதாக வாங்கிய போர்டில் மெம்டெஸ்ட் ஓடவிட்டபோது, அவருடைய இரண்டு ராம்களில் ஒன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டியது. அதை நீக்கியதும் விண்டோஸ் ஒரே மூச்சில் பதிந்தது.

பதிந்த பிறகு

தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். தேதி தவறானால் பல இணையதளங்கள் திறக்காது. நெட்வொர்க் டிரைவரை முன்பே வேறு கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருங்கள். பழைய கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் அந்த மதர்போர்டோடு பிணைந்தது, புதிய போர்டில் ஆக்டிவேட் ஆகாமல் போகலாம் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கடைசியாகப் பவரை நிறுத்தி டேட்டா டிஸ்க்கை மாட்டுங்கள். ஆன் செய்ததும் முதல் வேலையாக, முக்கியமான ஃபைல்களை இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள்.