கால்நடைகளின் அழுத்தமும் இரத்தப் பரிசோதனையும்

2022 டிசம்பரில், மாண்டூஸ் புயலை ஒட்டி வீசிய கடுங்குளிர்க் காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மாண்டன. வன்னியின் பட்டிகளும் தப்பவில்லை. தொற்றுநோயோ எனக் கமக்காரர் அஞ்சினர். குளிரினால் உண்டான அழுத்தமே காரணமென்று கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அறிவித்தது. அழுத்தம் என்பது யாது? அதனை இரத்தத்தில் காணலாமா?

உடலில் நிகழ்வது

குளிர், வெயில், பசி, அச்சம் ஆகியன தாக்கும்போது, சிறுநீரகங்களுக்கு அண்மையிலுள்ள அதிரீனல் சுரப்பிகள் அதிரனலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்களை இரத்தத்தில் விடுகின்றன. அதிரனலின் சில வினாடிகளில் இதயத் துடிப்பை விரைவாக்கும். அச்சமுற்ற பசு பாலை இறக்காது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கோட்டிசோல் சில நிமிடங்களில் உயர்ந்து, உடலிற் சேமித்த சத்தை வெல்லமாக்கி வலுவூட்டும். சிறிது நேரத்திற்கு இது நன்மையே. நாட்கணக்கில் நீடிப்பின் தசை கரையும், நோயெதிர்க்கும் வலு குன்றும், சினைப்பிடிப்பும் தடைப்படும். ஆதலின் மெலிந்த மாடே முதலில் வீழ்கின்றது.

பரிசோதனை காட்டுவதும் காட்டாததும்

கழுத்து நாளத்திலிருந்து எடுக்கும் இரத்தத்தில் கோட்டிசோலின் அளவை ஆய்வுகூடத்தில் அறியலாம். ஆயினும் துரத்திப் பிடித்த மாட்டின் இரத்தம், துரத்தியதனால் எழுந்த அச்சத்தையே காட்டும். ஆதலால் மாட்டை அமைதியாகக் கட்டி, தொட்ட சில நிமிடங்களுக்குள் இரத்தம் எடுத்தல் வேண்டும். அழுத்தம் உண்டென்று பரிசோதனை கூறலாம். குளிரா, பசியா, நோயா என்று பிரித்துக் கூறாது. நெடுநாள் அழுத்தத்தில் அளவு வழமைக்கு மீளுவதும் உண்டு. எனவே ஒரு தடவை எடுத்த அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. காரணத்தைப் பட்டியிலேயே தேடல் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. மாரிக்கு முன்னரே, நீர் தேங்காத மேட்டில் கொட்டில் அமைத்து, காற்று வீசும் பக்கத்தைக் கிடுகினால் மறைக்கவும்.

2. சிறுபோக வைக்கோலை எரிக்காது, நனையாமற் சேமிக்கவும். குளிர்நாளில் உடற்சூட்டைக் காப்பது தீனியே.

3. மழை தொடங்கியதும் கன்றுகள், சினைப்பசுக்கள், மெலிந்த மாடுகள் ஆகியவற்றை முதலிற் கொட்டிலில் அடைக்கவும்.

4. கோடையில் நிழலும் நாள் முழுவதும் குடிநீரும் கிடைக்கச் செய்யவும்.

5. பால் கறக்குமுன் பசுவை அடித்தலும் அதட்டலும் கூடாது.

நடுக்கம், அசைபோடாமை, படுத்தது எழாமை ஆகிய குறிகளைக் காணின், தாமதியாது மிருக வைத்தியரை அழைக்கவும். இரத்தம் ஆய்வுகூடத்திற்குப் போகுமுன், நனைந்த மாட்டைத் துடைத்துக் காற்றுப்படாத இடத்திற்குக் கொண்டுசெல்லுதலே முதற் கடமையாகும்.