கைவிடப்பட்ட பணமும் கைவிடக்கூடாத உரிமையும்

நமது வியாபாரிகள் கடைக் கடனை ஒரு ரூபா விடாமல் எழுதி வைப்பவர்கள். கொப்பியைத் திறந்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் மௌத்தான வாப்பா எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார், தாம் இளமையில் வேலை செய்த கம்பனியில் சேமலாப நிதி எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. இப்படி மறக்கப்பட்ட பணம் எங்கே போகிறது, அதை எவ்வாறு திரும்பப் பெறுவது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

பத்து வருடம் கடந்தால்

ஒரு கணக்கில் நீண்டகாலம் போடுதல், எடுத்தல் எதுவும் நடக்காவிட்டால் வங்கி அதைச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கிவிடும். அந்த நிலை பத்து வருடத்தைத் தாண்டினால், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் அது "கைவிடப்பட்ட ஆதனம்" ஆகிறது. அதன்பின் அந்தப் பணம் வங்கியிலிருந்து இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படுகிறது.

"மத்திய வங்கிக்குப் போய்விட்டதாம், இனி வராது" என்று சிலர் கைகழுவி விடுகிறார்கள். இது தவறான எண்ணம். மத்திய வங்கி அந்தப் பணத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறதே தவிர, உரியவரின் உரிமை அழிந்துவிடவில்லை. கணக்குச் சொந்தக்காரரோ, அவர் இறந்திருந்தால் சட்டப்படியான உரித்தாளரோ கேட்கலாம். நேரே மத்திய வங்கிக்கு ஓடவேண்டியதும் இல்லை. முதலில் கணக்கு இருந்த வங்கியிடமே விண்ணப்பிக்க வேண்டும். வங்கி பத்திரங்களைச் சரிபார்த்து மத்திய வங்கியிடம் பணத்தைப் பெற்று உங்களுக்குத் தரும். இடையில் தரகர் எவரும் தேவையில்லை. "நான் எடுத்துத் தருகிறேன், பாதியைத் தாருங்கள்" என்று வருபவரிடம் அடையாள அட்டையின் பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது?

வீட்டிலுள்ள பழைய பெட்டிகளில் தொடங்குங்கள். வங்கிப் புத்தகம், நிலையான வைப்புப் பற்றுச்சீட்டு, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கியிலிருந்து வந்த கடிதம் ஆகிய எதுவானாலும் எடுத்து வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், பழைய முகவரி ஆகியவற்றைக் கொண்டு எழுத்துமூலம் விசாரிக்கலாம்.

பெயர் மாறிய வங்கிகளையும் கவனியுங்கள். உதாரணமாக, பழைய வியாபாரிகள் பலர் அறிந்த க்ரின்ட்லேஸ் வங்கியை 2000ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வாங்கியது. பெயர்ப்பலகை மறைந்ததால் பணம் மறைந்துவிட்டதாக எண்ணக்கூடாது. எந்த வங்கி பொறுப்பேற்றதோ அங்கே கேட்க வேண்டும்.

நமது சமூகத்தில் இதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்கள், உடுத்த உடையோடு புத்தளத்துக்கும் பிற ஊர்களுக்கும் வந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி, கிழக்கிலும் தெற்கிலும் வீடுகளோடு வங்கிப் புத்தகங்களையும் கொண்டுபோனது. இவ்விரு மக்களின் பழைய கணக்குகளும் பத்து வருட எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. பழைய கிளை இப்போது இயங்காவிட்டாலும் அந்த வங்கி இருக்கும்வரை விசாரிக்கலாம்.

பெயரால் வரும் சிக்கல்

நான் அறிந்த ஒரு குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. வாப்பா இறந்து பல வருடங்களுக்குப் பின் அவருடைய சேமிப்புப் புத்தகம் ஒரு தகரப்பெட்டியில் கிடைத்தது. மகன் வங்கிக்குப் போனார். புத்தகத்தில் "மொஹமட்", மரண அத்தாட்சிப் பத்திரத்தில் "முஹம்மது", அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும். மூவரும் ஒருவரே என்று காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, பிறப்பு, விவாகப் பத்திரங்கள் எனப் பல மாதங்கள் அலைய நேர்ந்தது. கடைசியில் பணம் வந்தது. விதவையான மூத்த மகளின் வீட்டுக்கூரை அவருடைய பங்கில்தான் திருத்தப்பட்டது.

அதே பணம் முன்னரே கிடைத்திருந்தால் அதன் பெறுமதி வேறு. 1990இல் ஒரு டொலர் சுமார் 40 ரூபா. 2022இல் அது 360 ரூபாவைத் தாண்டியது. தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் நமக்கே நட்டம்.

சேமலாப நிதி

கடை தொடங்குமுன் கம்பனியிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர்கள் நம்மில் பலர். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலாளி மட்டும் செலுத்தும் 3 வீதம். இரண்டும் வெவ்வேறு நிதிகள். ஒன்றை எடுத்தவர் மற்றதை மறந்துவிடுவதுண்டு.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். திருமணத்தின் பொருட்டு வேலையை விட்ட பெண்களுக்கும் உரிமை உண்டு. நமது சகோதரிகள் எத்தனையோ பேர் ஆடைத் தொழிற்சாலையில் சில வருடங்கள் உழைத்து, கல்யாணத்தோடு அதை மறந்திருக்கிறார்கள். உறுப்பினர் இறந்திருந்தால் பின்னுரித்தாளியோ வாரிசுகளோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிதியை வைத்திருப்பது மத்திய வங்கி.

யாருடைய பணம்?

பணம் கைக்கு வந்ததும் அடுத்த பொறுப்பு தொடங்குகிறது. பின்னுரித்தாளியாகப் பெயர் எழுதப்பட்டவரிடம் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் ஷரீஅத்தின் பார்வையில் அது மையித்தின் சொத்து. பெற்றவரிடம் அது அமானிதம் என்பதே நமது உலமாக்கள் பலரின் விளக்கம். இந்நாட்டிலும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமை வழிச் சட்டம், வாரிசுரிமையை இஸ்லாமியச் சட்டத்துக்கே விட்டிருக்கிறது.

கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் 240,000 ரூபா மிஞ்சுகிறது; மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டும் வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. மீதி 210,000இல் மகனுக்கு 140,000, மகளுக்கு 70,000. விண்ணப்பத்துக்கு அலைந்தவர் மகன் என்பதற்காக அவருடைய பங்கு கூடிவிடாது. அவருடைய செலவைக் கணக்கெழுதி எல்லோரின் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளலாம்.

வட்டி சேர்ந்திருக்கும் என்ற பயத்தில் கணக்கின் பக்கமே போகாதவர்களும் உண்டு. முதல் பணம் உங்கள் உழைப்பு, அது உங்கள் ஹக். அதனோடு சேர்ந்த தொகையை என்ன செய்வது, கடந்த வருடங்களுக்கு ஸக்காத் உண்டா என்பதை நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடம் கேட்டு நடவுங்கள். அதற்காக முழுப் பணத்தையும் விட்டுவிடுவது விதவைகளின், அநாதைகளின் பங்கையும் சேர்த்து விடுவதாகும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

இவ்விடயத்தில் நாம் தேடுபவர்கள் மட்டுமல்ல. நமது கடையில் நிற்கும் பையனின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ பிழையாக எழுதி அனுப்பினால், முப்பது வருடங்களின் பின் அவனும் இதேபோல் அலைவான். ஓர் ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டாயம். 2016 முதல் 12 இலக்க அடையாள அட்டை வந்திருப்பதால், பழைய அட்டையை மாற்றியவர்களின் இரு இலக்கங்களையும் கோவையில் வைத்திருங்கள்.

இவ்வாரம் செய்ய வேண்டியவை

1. உங்கள் கணக்குகள், வைப்புகள், காப்புறுதிகள், சேமலாப நிதி இலக்கங்கள், பங்குகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

2. பயன்படுத்தாத கணக்கில் வருடம் ஒருமுறை சிறு தொகையாவது போடுங்கள், அல்லது மூடிவிடுங்கள். முகவரி, தொலைபேசி மாறினால் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

3. பெற்றோரின் பத்திரங்களில் பெயர் வேறுபாடு இருந்தால் அவர்கள் உயிரோடிருக்கும்போதே திருத்துங்கள்.

4. பங்காளிகளாகத் தொழில் செய்பவர்கள், கடைக் கணக்கில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைக் கையொப்பமிட்டு வையுங்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை வியாபாரிகளான நாம் நன்கு அறிவோம். பிறர் நமக்குத் தரவேண்டியதை எழுதும் அதே பேனாவால், நமக்குப் பின் நமது பிள்ளைகள் பெறவேண்டியதையும் எழுதி வைப்போம்.