மழலையர் சேர்க்கை: பதிவேடு உணர்த்துவது என்ன?

பெங்களூர் கண்டோன்மென்ட் 1809-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. படையினரைத் தொடர்ந்து தமிழகப் பகுதிகளிலிருந்து வணிகரும் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். 1949-இல் நகரமும் கண்டோன்மென்ட்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைக்கப்பட்டன. இப்பகுதியைச் சார்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ், கன்னடம், உருது முதலிய மொழிகளைப் பேசுவோர் அருகருகே வாழ்கின்றனர். இத்தகைய பகுதியில் மழலையர் சேர்க்கையைக் கணிப்பது எளிதன்று.

திட்டத்தின் பின்னணி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. அவற்றுள் நகர்ப்புறத்திற்குரியவை 4 மட்டுமே. கர்நாடகத்தில் மைசூர் மாவட்டத்து டி. நரசிபுரம் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் முன்பருவக் கல்வியுடன் சத்துணவும் வழங்கப்படுகிறது. எனவே, பதிவேட்டில் இடம்பெறாத ஏழைக் குழந்தை கல்வி, உணவு ஆகிய இரண்டையும் இழக்கிறது.

இருவகை விகிதங்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பகுதியில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் 100 பேர் உள்ளனர் எனக் கொள்வோம். அரசு மையங்களின் பதிவேட்டில் 52 பெயர்கள் உள்ளன. அவர்களுள் 12 பேர் அவ்வயது வரம்பிற்கு வெளியே உள்ளவர்கள். அவ்வாறாயின் மொத்தச் சேர்க்கை விகிதம் 52 விழுக்காடு. நிகரச் சேர்க்கை விகிதமோ 40 விழுக்காடே ஆகும்.

எஞ்சிய 60 குழந்தைகளின் நிலை என்ன? அவர்களுள் 42 பேர் தனியார் மழலையர் பள்ளிகளிலும், 18 பேர் எங்கும் சேராமலும் இருக்கலாம். முதற்பிரிவினர் விலகி நிற்பதற்குப் பெற்றோரின் ஆங்கிலவழி நாட்டமோ, மையத்தின் குறைகளோ காரணமாகலாம். இரண்டாம் பிரிவினருள் ஆண்டின் இடையில் வந்து சேரும் கட்டடத் தொழிலாளரின் குழந்தைகள் இருக்கக்கூடும். இவ்விரு நிலைகளுக்கும் தீர்வு வெவ்வேறு. சேர்க்கை குறைந்ததெனக் கருதி ஒரு மையத்தை மூடினால், அதனால் பெரிதும் பாதிக்கப்படுவோர் வேறு புகலிடமற்ற குழந்தைகளே ஆவர்.

தாய்மொழிக் கூறு

அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க வலியுறுத்துகிறது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம், 6 வயது நிறையும் வரை மழலையர் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை அடித்தள நிலையாக வகுத்துள்ளது. இவற்றைச் செயற்படுத்த, குழந்தைகளின் வீட்டுமொழி எதுவென்பதை மையம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

செய்யத்தக்கவை

பெயர்ப்பதிவும் அன்றாட வருகையும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும். வயது, பால், வீட்டுமொழி, குடிபெயர்வு ஆகியவை முறையாகக் குறிக்கப்பட வேண்டும். வீடுதோறும் எடுக்கப்படும் கணக்கைப் பதிவேட்டுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது. சேர்ந்தோர் எத்தனை பேர் என்பதைக் காட்டிலும், விடுபட்டோர் யாவர் என்ற வினாவே திட்டமிடுவோருக்குச் சரியான வழியைக் காட்டும்.